பிள்ளைகள் தூங்கிய பிறகுதானா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: பிள்ளை வளர்க்கிற காலத்தில் உங்களுக்கென்று எதைக் கற்கிறீர்கள், எங்கே இடிக்கிறது? கடிதங்கள் குவிந்துவிட்டன. பதில் சொல்ல என்னை உட்கார வைத்ததற்குக் காரணம், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அஞ்சல் வழியில் புள்ளியியல் முதுகலை முடித்தவள் நான். இப்போது கணிதப் பாடநூல்களைத் திருத்துகிறேன். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடமாட்டேன். அந்தக் குணம் கீழே பல இடங்களில் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்கு ஐந்து மாதக் குழந்தை. வேலைக்குத் திரும்புவதற்குள் கணக்கியல் சான்றிதழ்த் தேர்வு ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று புத்தகம் வாங்கினேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண் செருகிவிடுகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி என்கிறார் அண்ணன். எழுந்தும் பார்த்தேன், படித்தது எதுவும் நிற்கவில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேனா?
– கைக்குழந்தைக்காரி

ப: இல்லை. உங்களுக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

பிறந்த குழந்தை முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது துண்டு துண்டான தூக்கம். ஐந்தாம் மாதத்திலும் இரவில் எழுந்து பாலுக்கு அழும் குழந்தைகள் ஏராளம். பெரியவர்களின் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுவது. ஒவ்வொரு சுற்றின் நடுவிலும் உங்களை எழுப்பிவிட்டு, காலையில் "ஏழு மணி நேரம் படுத்திருந்தாயே" என்றால் அது கணக்கில் சேராது. அதைவிட முக்கியம், பகலில் படித்ததை மூளை பதிந்து வைக்கிற வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பதால் படிக்கும்போதும் புரிவதில்லை, படித்த பிறகும் நிற்பதில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். விடியற்காலை ஆலோசனைக்கு எல்லாரும் காட்டும் சாட்சி அமெரிக்க நாவலாசிரியை டோனி மாரிசன். பதிப்பகத்தில் வேலை, இரண்டு மகன்கள், கணவரைப் பிரிந்த வாழ்க்கை, இத்தனைக்கும் நடுவே எழுதியவர். 1993-ல் நோபல் பரிசு வாங்கினார். பிள்ளைகள் எழுந்து "அம்மா" என்று கூப்பிடுவதற்கு முந்திய நேரம் வேண்டியிருந்ததால்தான் விடியுமுன் எழுதத் தொடங்கியதாக அவரே சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: தன் தலை தெளிவாக இருப்பது காலையில்தான் என்று பிறகு கண்டுகொண்டாராம். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. உங்கள் தலை தெளிவாக இருக்கிற நேரம் எது என்று பாருங்கள். பகல் பதினொன்றாக இருந்தால் பதினொன்று.

இப்போதைக்கு என் யோசனை: தேர்வுத் தேதியைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள். குழந்தை இரவில் ஒரே மூச்சாக ஐந்தாறு மணி நேரம் தூங்கத் தொடங்கும்வரை புத்தகத்தை மேலோட்டமாகப் புரட்டுங்கள், பாடத்தின் வரைபடம் மனதில் விழட்டும். கணக்குப் போட வேண்டாம். தேதியைத் தள்ளிவைக்கவே முடியாது என்றால், ஓர் இரவு விட்டு ஓர் இரவு குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். தேர்வுக்கான முதல் தயாரிப்பு அதுதான்.

கே: கிடைப்பதெல்லாம் பதினைந்து பதினைந்து நிமிடங்கள். மகளை வகுப்பில் விட்டுக் காத்திருக்கும்போது, சின்னவன் குளிக்கும்போது, இப்படி. இந்தத் துண்டு நேரத்தில் உருப்படியாக எதையாவது கற்க முடியுமா? இல்லை, நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?
– நிரல் எழுதக் கற்கும் ஒரு தந்தை

ப: பாதி முடியும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட நாட்களில் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் அதிகம் நிற்கும் என்று அவர் கண்டதை, பிறகு வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டார்கள். அது இன்னும் நிற்கிறது. ஆக, துண்டு நேரம் சில வேலைகளுக்குக் குறையே இல்லை, லாபம். புதுச் சொற்கள், சூத்திரங்கள், கட்டளைகளின் பெயர்கள், இலக்கண வாய்ப்பாடு எல்லாம் இந்த வகை.

அந்தத் துண்டு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தை மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். எனவே காத்திருக்கும் இடத்தில் கைபேசியில் பாடக் காணொளியை மூன்றாம் முறை பார்ப்பதைவிட, ஒரு துண்டுத் தாளில் நேற்றுப் படித்ததை எழுதிப் பாருங்கள். எரிச்சலாக இருக்கும். எரிச்சலாக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் சூத்திரங்களைச் சிறு தாள்களில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். தலைப்பு மட்டும் தெரியும், சூத்திரம் மடிப்புக்குள் இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு மடிப்பைத் தூக்கிச் சரிபார்ப்பேன். பாய்சான் பரவல் என்ற புள்ளியியல் சூத்திரம் எனக்கு அந்தக் கதவில்தான் வந்தது. ஆனால் அதே பாடத்தில் நிறுவல்கள் உண்டு. ஒரு நிறுவலைத் தொடங்கி நாலாவது வரிக்கு வரும்போது சின்னவள் கூப்பிடுவாள். திரும்பி வந்து பார்த்தால் அந்த நாலு வரியும் யாரோ எழுதியது போல இருக்கும். மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பதினைந்து நிமிடத் துண்டு எதற்கும் உதவாது. ஞாயிறு காலைகளைக் கணவரிடம் கேட்டு வாங்கினேன். நிரல் எழுதுவதும் இந்த இரண்டாம் வகைதான். கட்டளைகளைத் துண்டு நேரத்தில் படிக்கலாம், நிரலை ஒரு முழு உட்காரலில்தான் கட்ட முடியும். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது யாரும் தொடாத நேரம் உங்களுக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இடையில் எழுந்து போக நேர்வதற்கு ஒரு மருந்து உண்டு. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டியது, முடிக்காத வேலையை விட்டு அடுத்ததற்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது. பிறகு அவரும் இன்னொருவரும் சேர்ந்து கண்டது, எழுந்து போகுமுன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி குறித்து வைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது என்று. அரை நிமிட வேலை. "அடுத்து: இரண்டாம் உறுப்பைப் பிரித்து எழுது" என்பது மாதிரி என் பழைய நோட்டில் ஓரமெல்லாம் இருக்கும். இப்படிக் குறித்துவிட்டுப் போகும்போது பிள்ளை சொல்வதும் காதில் விழுகிறது, அது உபரி வரவு.

கே: ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்கிறார்களே?
– வாசகர்

ப: மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல்லும், புது முகமும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை என்று மதிப்பிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் எல்லாம் போச்சு என்று நோட்டை மூடி வைக்கிறவர்கள் இதைத்தான் அடிக்கோடிட வேண்டும்.

கே: வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஓவியம் பயில்கிறேன். மூன்று வயது மகன் வெளியே பாட்டியோடு இருக்கிறான். முதல் பத்து நிமிடம் கதவைத் தட்டி அழுகிறான், பிறகு விளையாடப் போய்விடுகிறான். நான்தான் விளையாடப் போக மாட்டேன் என்கிறேன், மனசு கதவிலேயே நிற்கிறது. சுயநலக்காரியா நான்?
– தூரிகை பிடித்த அம்மா

ப: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: பத்து நிமிடத்தில் அவன் விளையாடப் போய்விடுகிறான்.

இந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் வந்த கடிதங்களில் இதுவே அதிகம். 11 மேலை நாடுகளின் நேரக் கணக்கேடுகளை 1965 முதல் 2012 வரை ஒப்பிட்ட ஓர் ஆய்வு உண்டு. அம்மாக்கள் பிள்ளைப் பராமரிப்புக்குச் செலவிட்ட நேரம் நாளுக்குச் சராசரி 54 நிமிடத்திலிருந்து 104 நிமிடமாக உயர்ந்திருக்கிறது. அப்பாக்களுடையது 16-லிருந்து 59. வேலைக்குப் போகும் பெண்கள் இத்தனை பெருகிய பிறகும் நேரம் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. அந்தக் காலத்து அம்மா நாள் முழுக்கப் பிள்ளையோடு இருந்தாள், நாம்தான் விட்டுவிட்டோம் என்ற எண்ணத்தோடுதான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அவள் வீட்டில் இருந்தாள். பிள்ளையோடு இருந்தாளா என்பது வேறு கேள்வி.

அப்புறம், நேரத்தின் அளவு. மெலிசா மில்கியும் வேறு இருவரும் 2015-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 3 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகளின் நடத்தை, மனநிலை, படிப்பு எதற்கும் அம்மா கூட இருந்த மணிக்கணக்குக்கும் தொடர்பு தென்படவில்லை. இதைப் படித்துவிட்டு "அப்போ பிள்ளையைப் பார்க்கவே வேண்டாமா" என்று சிலர் குதித்தார்கள். அது அபத்தம். கூடுதலாக ஒரு மணி, குறைவாக ஒரு மணி என்பதில் பிள்ளையின் எதிர்காலம் தொங்கவில்லை என்பதுதான் செய்தி.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளரின் சோதனை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மா சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வாள், குழந்தை தவித்துப் போகும். 1970-களில் வந்தது. அதைக் காட்டி அம்மாக்களைப் பயமுறுத்துகிறவர்கள், அதே ட்ரோனிக் கண்ட இன்னொன்றைச் சொல்வதில்லை. நல்ல நிலையில் உள்ள தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் இசைந்து இருப்பது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் திரும்பச் சேர்வதுமாகத்தான் போகிறது. அந்தத் திரும்பச் சேர்தலில் குழந்தை கற்பது நிறைய. கதவு திறக்கும்போது என்ன நடக்கிறது என்பதில் கவனம் வையுங்கள். திறந்ததும் கைபேசியை எடுக்காதீர்கள், அவனை எடுங்கள்.

செய்யக்கூடியது ஒன்று: மூன்று வயதுக்கு "ஒரு மணி நேரம்" புரியாது. மணல் கடிகாரமோ, மணி அடிக்கும் கடிகாரமோ கதவுக்கு வெளியே வையுங்கள். அது முடிந்ததும் நீங்கள் கட்டாயம் வெளியே வர வேண்டும், படம் பாதியில் நின்றாலும் சரி. சொன்ன நேரத்துக்கு வருகிற அம்மாவை நம்பிப் பழகினால் தட்டுவது குறையும். வாரத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து, அவன் பார்க்க வரையுங்கள். ஜூலியா லெனார்ட் குழுவினர் 2017-ல் ஒரு சோதனை செய்தார்கள். 15 மாதக் குழந்தைகளின் முன்னால் பெரியவர் ஒருவர் டப்பாவுக்குள் இருக்கும் பொம்மையை எடுக்கத் திணறித் திணறி, பிறகு எடுத்தார். வேறு சில குழந்தைகள் முன்னால் சட்டென்று எடுத்துவிட்டார். பின்னர் குழந்தைகளிடம் இசைப் பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலிருந்த பெரிய பொத்தான் வேலை செய்யாதது. பெரியவர் திணறுவதைப் பார்த்த குழந்தைகள் அந்தப் பொத்தானை அதிக முறை அழுத்தி முயன்றன. நீங்கள் கோடு தப்பி, அழித்து, மறுபடி வரைவதை அவன் பார்க்கட்டும். முடித்த படத்தை மட்டும் காட்டிப் பயனில்லை.

கே: என் மனைவி ஆசிரியர் பயிற்சி படிக்க ஆசைப்படுகிறாள். நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. "தாராளமாகப் படி, யார் வேண்டாம் என்றது" என்றுதான் சொல்கிறேன். ஆனாலும் விண்ணப்பம் மேஜையிலேயே கிடக்கிறது. எப்படி உற்சாகப்படுத்துவது?
– மூன்று பிள்ளைகளின் அப்பா

ப: தம்பி, அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அவர் கேட்டது அனுமதி என்று எனக்குத் தோன்றவில்லை.

மேரி கியூரியின் பெயரைச் சொல்லாத ஊக்கப் பேச்சாளர் இல்லை. முதல் மகள் ஐரீன் 1897-ல் பிறந்தாள். ரேடியம் வேலை அதற்கடுத்த ஆண்டுகளில் நடந்தது. அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று பேச்சாளர்கள் சொல்வதில்லை. மாமனார் யூஜின் கியூரி, ஒரு மருத்துவர். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டுக்கு வந்து பேத்தியை வளர்த்தார். 1906-ல் மகன் பியேர் விபத்தில் இறந்த பிறகும் மருமகளோடும் இரண்டு பேத்திகளோடும் இருந்தார், 1910-ல் தான் இறக்கும்வரை. மறு ஆண்டு மேரிக்கு இரண்டாவது நோபல். யூஜின் கியூரிக்குச் சிலை உண்டோ இல்லையோ, என் கணக்கில் அந்தப் பரிசில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அவர் மருமகளை உற்சாகப்படுத்தியதாக நான் எங்கும் படித்ததில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

"நானும் உதவுகிறேனே" என்பீர்கள். ஆலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் ஒன்றை விளக்கினார். வீட்டு வேலைக்குள் கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது: வரப்போவதை முன்கூட்டி யோசிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, பிறகு நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுக்கும்போது இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முன்கூட்டி யோசிப்பதும் பிறகு கவனிப்பதும் பெரும்பாலும் பெண்ணின் தலையில். தடுப்பூசி எப்போது, காலணி சின்னதாகிவிட்டதா, பள்ளிக்கு நாளை எதை அனுப்ப வேண்டும். இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கிற தலைக்குள் கல்வி உளவியல் எங்கே நுழையும்?

ஆகவே உதவாதீர்கள். ஏதாவது ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டது எல்லாம் இனி என் பொறுப்பு என்று சொல்லுங்கள். பள்ளித் தொடர்பு எண்ணை உங்களுடையதாக மாற்றுங்கள். "நாளைக்கு என்ன அனுப்பணும்?" என்று அவரிடம் கேட்கக் கூடாது, கேட்டால் யோசிக்கிற வேலை மறுபடி அவரிடமே போய்விடும். முதல் மாதம் நீங்கள் சிலவற்றை மறப்பீர்கள். வெள்ளைச் சட்டை நாளில் பிள்ளை நீலச் சட்டையில் போகும். போகட்டும். அவர் குறுக்கே வந்து சரிசெய்ய முயன்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்ணப்பத்தைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். மேஜையில் கிடக்கட்டும்.

கே: "பிள்ளை வளர்ப்பதே பெரிய வளர்ச்சிதான், தனியாக நீ என்ன வளரப் போகிறாய்?" என்கிறார் என் பெரியம்மா. மறுத்துப் பேச வார்த்தை வரவில்லை.
– வாய் அடைத்துப் போனவள்

ப: பெரியம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் வார்த்தை வரவில்லை. பிள்ளை வளர்த்தால் பொறுமை வரும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், எனக்கு வரவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் மூன்று பேரின் தேவையை வரிசைப்படுத்துவது, புரியாதவருக்குப் புரிகிற மாதிரி விளக்குவது எல்லாம் எனக்குப் பாடநூல் வேலையில் இன்றும் உதவுகிறது. ஐந்து வயதுக்கு "சராசரி" என்றால் என்ன என்று விளக்கிப் பாருங்கள், உங்களுக்கே அப்போதுதான் புரியும்.

மறு பாதிதான் தகராறு. அந்த வாக்கியம் ஆண்களிடம் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை. "அப்பாவாகிவிட்டாயே, பதவி உயர்வுத் தேர்வு எதற்கு" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இரண்டாவது, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறுவார்கள். அவர்களையே தன் ஒரே சாதனையாக வைத்திருக்கிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பாரம் என்று பெரியம்மாவின் பிள்ளைகளிடமே தனியாகக் கேட்டுப் பாருங்கள். பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "சரி பெரியம்மா, ரெண்டையும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படியுங்கள்.

கே: நான் தனியாள். உதவிக்குப் பெற்றோரும் இல்லை, துணையும் இல்லை. ஆறு வயது மகள். உங்களைப் போன்றவர்கள் "கணவரிடம் ஞாயிறு காலையைக் கேளுங்கள்" என்று எழுதும்போது பத்திரிகையை மூடிவிடலாம் போல இருக்கிறது.
– மூடாமல் எழுதியவள்

ப: மூடாததற்கு நன்றி. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்: உங்களுக்குக் கிடைக்கும் நேரம் மற்றவர்களைவிடக் குறைவு. மன உறுதியால் அதைப் பெருக்க முடியும் என்கிறவர்களை நம்பாதீர்கள். முடிந்தவரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உடற்பயிற்சியும் ஆங்கிலமும் தையலும் என்று மூன்று வேண்டாம். வருமானத்தைக் கூட்டுகிற ஒன்று என்றால் இன்னும் நல்லது, பின்னால் அந்தப் பணம் நேரத்தை வாங்கித் தரும்.

நேரத்தை உண்டாக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி மாற்று ஏற்பாடு. உங்கள் மகளின் வகுப்பில் இன்னொரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ இதே நெருக்கடியில் இருப்பார். ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளும் உங்கள் வீட்டில், அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில். ஆறு வயதில் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பது ஒன்றைப் பார்ப்பதைவிடச் சுலபம், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். நம்பகமானவர்தானா என்பதைச் சில முறை கூடவே இருந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இது கடன் போல இருக்கக் கூடாது. நாள், மணி, யார் வீடு என்று தெளிவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்; தாட்சண்யத்தில் விட்டால் இரண்டு மாதத்தில் கசந்துவிடும்.

இன்னொன்று, ஆறு வயது மகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்யக்கூடிய வயது. ஒரே மேஜை, அவளுக்கு ஒரு புத்தகம், உங்களுக்கு ஒரு புத்தகம். முதலில் பத்து நிமிடம்தான் தாங்கும். கூடக்கூட நீளும்.

கே: எனக்கு வயது 46. பையன்கள் பதின்ம வயதுக்கு வந்துவிட்டார்கள், நான் கேட்டாலும் பேசுவதில்லை. இப்போதுதான் எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த வயதில் மூளை ஏற்குமா?
– தாமதமாகத் தொடங்குபவர்

ப: ஏற்கும். ஏறக்குறைய 50,000 பேரின் சோதனை முடிவுகளை வைத்து ஹார்ட்ஸ்ஹோர்னும் ஜெர்மைனும் 2015-ல் வெளியிட்டதில், மூளையின் எல்லாத் திறன்களும் ஒரே வயதில் உச்சம் தொடுவதில்லை என்று தெரிந்தது. வேகம் 18, 19 வயதிலேயே உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடுகிறது. சொல்வளம் அறுபதுகளின் பிற்பகுதிவரை ஏறுகிறது. நேரம் வைத்து எழுதும் தேர்வுகளில் பையன்கள் உங்களை ஜெயிப்பார்கள். மற்றதில் பார்த்துக்கொள்ளலாம்.

மேரி சோமர்வில் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் கணக்குப் படிப்பதில் மரியாதையே இல்லாத கணவர், 1807-ல் அவர் இறந்தபோது இவருக்கு 26 வயது, இரண்டு ஆண் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் கணக்கை முறையாகப் படிக்க முடிந்தது. கணவர் விட்டுப்போன பணம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது திருமணம், இன்னும் பிள்ளைகள், அதில் சில இழப்புகள். வீட்டுக்கு யாராவது வந்தால் காகிதங்களை ஒளித்துவைத்துவிட்டுப் பேசப் போவாராம். பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸின் வானியல் கணிதத்தை ஆங்கிலத்தில் விளக்கி அவர் எழுதிய நூல் 1831-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது 50.

பையன்கள் விஷயத்தில் ஒரு குறுக்குக் குறிப்பு. மேலே சொன்ன மில்கி ஆய்வில், பதின்ம வயதில் மட்டும் அம்மா அவர்களோடு ஈடுபட்டுச் செலவழித்த நேரம் அதிகமானால் தவறான நடத்தை குறைவு என்று தெரிந்தது. "இனி அவர்களுக்கு நான் வேண்டாம்" என்று முழுசாகக் கை கழுவிவிட வேண்டாம். பேசாவிட்டாலும் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் கற்பதில் உங்களுக்கு விளங்காததை அவர்களிடம் கேளுங்கள். அறிவுரை கேட்டால் ஓடுகிற வயது, அறிவுரை சொல்லக் கூப்பிட்டால் வந்து நிற்கும்.

கே: எல்லாவற்றையும் செய்ததாக யாரும் நம்பப் போவதில்லை. நேர்மையாகச் சொல்லுங்கள், நீங்கள் எதை எதை விட்டீர்கள்?
– சந்தேகப் பேர்வழி

ப: இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன். துணி மடிப்பதை விட்டேன். துவைத்த துணி ஒரு பெட்டியில் கிடக்கும், அவரவர் தேடி எடுத்துக்கொள்வார்கள். தொலைக்காட்சித் தொடர்களை விட்டேன், அதில் தியாகம் எதுவும் இல்லை. விசேஷங்களுக்குப் போவதைப் பாதியாகக் குறைத்தேன். அதற்குக் கிடைத்த பெயர் இன்னும் என்னோடு இருக்கிறது. பள்ளிக் கைவினைப் போட்டிகளுக்குப் பிள்ளைகள் தாங்களே செய்ததைத்தான் எடுத்துப் போனார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் செய்தவற்றுக்கு நடுவே அவை உண்மையிலேயே குழந்தை செய்தவை போல இருந்தன. முதல் வகுப்பில் தேறும் ஆசையை விட்டேன், தேர்ச்சி போதும் என்று எழுதினேன். வருஷத்துக்கு எழுத வேண்டிய தாள்களை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொண்டதால் படிப்பு இரு மடங்கு காலம் இழுத்தது.

விடாதவை: தூக்கம், ஞாயிறு காலை, பிள்ளைகளுக்கு இரவில் கதை படிப்பது. கதை படிக்கும்போதே எனக்குத் தூக்கம் வந்துவிடும் என்பது வேறு விஷயம். அடுத்த பக்கத்தைப் பெரியவளே படித்துக்கொள்வாள்.